பீலியில் வந்த வெந்நீர்

எனக்கு ஈரத் துணியின் வாடை ஆகாது ஐயா. றக்வானை மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவனுக்கு இது பெரிய தொல்லை. மழை விட்ட நாளில்கூட அங்கே துணி காய்வதில்லை.

மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில்தான் எங்கள் சோதனைக்கூடம். அணுக்கரு இணைவு உலை என்று வெளிநாட்டில் கட்டுகிறார்கள்; சூரியனைப் பாத்திரத்துக்குள் அடைக்கிற வேலை. அதன் உட்சுவரில் பதிக்கும் உலோக ஓடுகளை எங்களுக்கு அனுப்புவார்கள். அவற்றைப் பழுக்கச் சூடாக்கி, பின்புறக் குழாய்களில் தண்ணீர் ஓட்டி, உருகாமல் தாங்குகின்றனவா என்று பார்ப்போம். தண்ணீர் ஒரு கணம் நின்றால் ஓடு போச்சு.

குழாய் அரிக்காமலிருக்க அந்தத் தண்ணீரில் ஒரு மருந்து கலப்போம். நஞ்சுதான், ஆனால் அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றும். வெளிப்பக்கமாக ஓடும் மலையூற்று அதன் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் வெதுவெதுப்பாகப் போய் விழும்.

லயத்துச் சனங்கள் அதை மாதாவின் அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். பீலியருகே சுரூபம் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். வாய் கொப்பளித்துத் துப்பும் அதே இடத்தில் போத்தலில் பிடித்துப்போய் நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பார்க்கவே எனக்குக் குமட்டியது. அது எங்கள் இயந்திரத்தின் சூடு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் தண்ணீரைப் பற்றிக் கேள்வி வரும்.

ஐப்பசி மழையில் உட்குழாய் ஒன்று கீறல் விட்டது. மருந்து ஊற்றில் கலப்பதை மானி காட்டியது. நிறுத்திப் பழுது பார்த்திருக்கலாம். நிறுத்தினால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும். கசிந்து குறைந்த மருந்தை மேலும் மேலும் ஊற்றி நிரப்பினேன். ஓர் ஓடுகூட உருகவில்லை. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் லயத்து ரோசம்மா வந்தார். அவர் மகள் மெரினாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. சேற்றுக் காலோடு என் வாசலில் நின்றார்.

“சார், வெறகெல்லாம் நனஞ்சு கெடக்குங்க. பீலித் தண்ணி இப்ப ஒரு மாதிரி வாட அடிக்குதுங்க. பச்சப் புள்ளைய அதுல குளிப்பாட்டலாங்களா?”

அவருடைய நகங்களில் அழுக்கு அடைந்திருந்தது. இந்தக் கையால்தானே பிள்ளையைத் தொடப் போகிறார் என்று அருவருத்தேன்.

“தாராளமா குளிப்பாட்டுங்க. சுத்தமான தண்ணி,” என்றேன்.

“மாதா ஒங்கள நல்லா வச்சிருக்கணுங்க சார்.”

பிள்ளையின் தோல் கொப்புளம் போட்டது. பிறகு வலிப்பு. மறுநாள் பிள்ளை இல்லை. தண்ணீரைக் குடித்தவர்கள் சிலருக்கும் பின்னர் அதே கதிதான். சோதனை முடியும்வரை நான் எதையும் நிறுத்தவில்லை. ஆம், தெரிந்துதான் செய்தேன்.

அதற்காக என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளையின் இழவுக்குப் போனேன். அந்த நெரிசலையும் ஈர வாடையையும் சகித்துக்கொண்டு மெரினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அண்ணன் சாள்ஸ் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்டி கொடுத்தான். பீலித் தண்ணீரில் போட்டதுதான். மரியாதைக்காக என் கோப்பையைக் கையில் வாங்கினேன், குடிக்கவில்லை. அதை மெரினாவிடம் நீட்டினேன். பாவம், அவள் காலையிலிருந்து வாயில் ஒன்றும் வைக்கவில்லை.