எந்தக் குழாய் வெடித்தது?

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகி ஐயா அவர்களே, மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிவப்பக்காவின் கணவரான எங்கள் மாப்பிள்ளையே, அவர்கள் மகளே, பட்டறைத் தோழர்களே, வணக்கம்.

நம் வண்ணப் பிரிவின் தலைவி சிவப்பக்காவின் சாவை யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேச்சைச் சுருக்கச் சொல்லி ஒரு சீட்டு வந்திருக்கிறது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

நம் பட்டறை எதைச் செய்கிறது? மருத்துவ மாணவர்களுக்கான மூளை மாதிரிகளை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல. அச்சு வார்த்து வார்த்தே மூளையைப் படித்தவன். கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு தமனிகள் மேலேறி, மூளையின் அடியில் வளையமாகக் கூடுகின்றன. கிளை பிரியும் இடத்தில் சுவர் மெலிந்தால் குமிழாகப் புடைக்கும். அது வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் பரவும். அந்த வளையத்துக்குச் சிவப்புத் தீட்டியவள் சிவப்பக்கா. நிறம் மயிரிழை வழிந்தாலும், "பரவாயில்லை" என்று நான் சொன்னாலும், துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் தலைவலி என்றாலும் கேலி செய்வோம். தொடங்கிவைத்தவன் நான்.

அன்று மதியம் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "அண்ணே, பின்மண்டையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருக்கு. இப்படி ஒரு வலி வந்ததே இல்ல."

"எந்தக் குழாய்க்கா வெடிச்சது? முன்னாடியா, பின்னாடியா?" என்றான் மெருகுக்காரன்.

"சிவப்பு பெயிண்டுக்கே தட்டுப்பாடு, கீழ கொட்டிடாதீங்க," என்றான் இன்னொருவன்.

பட்டறையே சிரித்தது. "போங்கடா, உங்க வாயில ஊத்த," என்று அவளும் சிரித்தாள், கழுத்தைப் பிடித்துக்கொண்டே. பிறகு வாந்தி எடுத்தாள். தின்னர் வாடை என்றோம். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். விளக்கை அணைத்தோம். ஒரு மாத்திரையைக் கொடுத்து, "வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா" என்று வண்டி ஏற்றிவிட்டவன் நான். ஆஸ்பத்திரி வழியில்தான் இருந்தது.

மறுநாள் இரண்டாம் முறை வெடித்தது. முதல் வெடிப்போடு வந்திருந்தால் அந்தக் குமிழை அடைத்துப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். பிழைத்திருப்பாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வாய்ப்பைக்கூட நாம் அவளுக்குக் கொடுக்கவில்லை. அத்தனை அடையாளங்களையும் அறிந்த கூட்டத்தின் நடுவே நின்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். யார் காதில் விழுந்தது?

இனி இந்தப் பட்டறையில் ஒருவர் தலையைப் பிடித்தால், அடுத்தவர் வாயைத் திறக்காமல் வண்டியை எடுக்க வேண்டும். இதற்கு நான் நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்கவில்லை. புடைத்த தமனியோடும் ஒரு மாதிரி செய்யவேண்டும் என்று அவள் பலமுறை கேட்டாள். அதன் அச்சை நாளை நான் வெட்டத் தொடங்குகிறேன்.

மகளே, யாருக்கும் தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதே. எங்களுக்குத் தெரியும். எங்களை மன்னித்துவிடாதே அம்மா. மன்னித்தால் நாங்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கிவிடுவோம்.