மூன்று நாளும் ஒரே பக்கம்

தலவாக்கலையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ரயில் நகர்ந்ததும் இளையவள் மடியிலிருந்த பைபிளைத் தட்டிச் சொன்னாள்:

“ஆண்டவரு மூணு நாளா ஒரே பக்கத்தத்தான் காட்டுறாரு, அக்கா.”

“எப்புடி காட்டுனாரு?”

“கண்ண மூடிக்கிட்டு தொறந்து, வெரல வெப்பேன். நாத்தனா மக கல்யாணத்துக்குப் போறதா வேணாமான்னு கேட்டு. நாத்தனாகூட நாலு வருஷமா பேச்சு இல்லியே.”

“பாஸ்டர்கிட்ட கேட்டியா?”

“ஜெபம் பண்ணுங்கன்னாரு. உபவாசமும் இருந்தேன். வெள்ளிக்கிழம பூரா வெறும் பிளேன்டீதான்.”

“சரி, அந்தப் பக்கத்துல என்னா இருந்திச்சு?”

“பூரா பேருங்க. இன்னாருக்கு இன்னாரு மகன்னு வரிசையா. ஒண்ணும் வெளங்கல.”

மூத்தவள் பைபிளை வாங்கிக் கையைத் தளர்த்தினாள். அது தானாகவே விரிந்தது. நடுவில் அட்டை மாதிரி தடித்த கல்யாணப் பத்திரிகை.

“இத யாரு வெச்சா?”

“நாந்தான். கசங்காம இருக்கட்டும்னு.”

“அடியே, அப்ப ஒனக்குப் பக்கத்தக் காட்டுனது பத்திரிகடி!”

பக்கத்து இருக்கைக்காரர் இருமலில் சிரிப்பை மறைத்தார். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஜன்னல் இருந்தது.

“வெரல் வெக்கிறத விட்டுட்டு, முட்டி போட்டு நேரா அவருகிட்டயே கேளு.”

“வேணாங்க்கா.”

“ஏன்?”

இளையவள் பத்திரிகையை மறுபடியும் அதே பக்கத்தில் வைத்து மூடினாள்.

“நேரா கேட்டா ‘போ’ன்னுதான் சொல்லுவாரு.”