பொடி போடாத மூக்கு

எனக்கு நாற்பது வருடமாக மூக்குப்பொடிப் பழக்கம். நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை; எழுத்து கோணலாக இருந்தால் ஐயா பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகளுக்குக் கிருமி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மனுஷ உடம்பில் குடியிருக்கும் கிருமிகளில் எது மற்றதைக் கொல்கிறது என்று தேடுவாள். வீட்டில் எல்லோர் மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டாள். என் மூக்கில் ஒரு கிருமி அகப்பட்டது. எந்த மருந்துக்கும் அடங்காத புண்கிருமியை அது கொன்றதாம்.

"மாமா, உங்க மூக்கு புதையல்."

"உன் புருஷன் மூக்கு?"

"அதுல சளிதான் இருக்கு."

சிரித்தோம். பொடி பட்டால் அந்தக் கிருமி செத்துவிடும் என்று மறுநாள் என் பொடி டப்பா குப்பைக்குப் போனது. வெளியே போனால் கண்டதும் ஒட்டிக்கொள்ளும் என்று அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தாள். "கொஞ்ச நாள்தானேப்பா," என்றான் மகன். ஐந்து மாதம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சோறு தாமதமானாலும் குச்சி தாமதமாகாது.

ஒருநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் குளிர்பெட்டி பழுதாகி, சேர்த்துவைத்த என் கிருமி முழுக்கச் செத்தது. அந்தப் பதற்றத்தில் புண்கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டு உடைந்து அவள் கையைக் கிழித்தது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

மகன் வந்து அழுதான். "நாளைக்குப் புதுசா எடுக்க வர்றாங்க. அதுலதான் மருந்து செய்யணும். உங்க மூக்குதாம்பா அவ உயிரு."

சொல்லிவிட்டுப் போகும்போது தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனான்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் மூக்கில் தடவச் சொல்லிக் கொடுத்த களிம்பு என் பெட்டியில் மிச்சம் இருந்தது. உள்ளே இருக்கிற கிருமியெல்லாம் போய்விடும் என்று அன்றைக்கு நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. இரண்டு துவாரத்திலும் தடவினேன். மூன்று நாள் குச்சி எடுத்தார்கள். மூன்று நாளும், அவர்கள் வருவதற்கு முன் தடவினேன். தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

அவள் போனில் பேசினாள். குரலே இல்லை.

"மாமா, மறைச்சு பொடி போட்டீங்களா? போட்டிருந்தாலும் கோவிச்சுக்க மாட்டேன்."

"இல்லம்மா," என்றேன்.

இரண்டு நாளில் போய்விட்டாள். இப்போது யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவு திறந்தேதான் கிடக்கிறது. நான் எங்கும் போகவில்லை.

களிம்பைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.