நான்காம் படுக்கையின் இரண்டாவது கையெழுத்து

மதியம் இரண்டு மணிக்கு மனிதர்களிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது. சாப்பிட்ட மயக்கம். குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்கே கண் சொருகுகிறது, இருந்தும் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

ரத்தம் ஏற்றுவதில் தவறு நடக்காமல் பார்த்துக்கொள்வது அந்த மருத்துவமனையில் என் வேலை. அதற்கான வழி பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். படுக்கையருகே இரண்டு நர்ஸ்கள் நிற்க வேண்டும். ஒருத்தி பையிலுள்ள பெயரையும் ரத்த வகையையும் வாய்விட்டுப் படிக்க, மற்றவள் நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பிறகு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வார்டிலோ இரண்டாவது கையெழுத்தைக் காலையிலேயே ஒரு கட்டுப் படிவத்தில் போட்டு இழுப்பறையில் அடுக்கிவிடுவார்கள்.

டிக் போடும் பட்டியலோடு போய் மூன்று முறை சொன்னேன்.

“டிக் சார் வந்துட்டாரு, எல்லாரும் நல்ல பிள்ளையா நில்லுங்கடி” என்றாள் தலைமை நர்ஸ். “ஆளே பத்தல சார். நீங்க வேணா ரெண்டு ஊசி போட்டுட்டுப் போங்களேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கண்காணிப்பாளரிடம் போனேன்.

“இதுனால இதுவரைக்கும் யாராவது செத்தாங்களாய்யா? அப்புறம் என்ன, விடுங்க” என்றார்.

அந்த வார்த்தையைப் பல நாள் மனதில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். ஆள் முட்டாள்தான். ஆனால் கேள்வி நியாயமானது.

செவ்வாய்க்கிழமை நான்காம் படுக்கைக்கு ஓ வகை ரத்தம், ஒன்பதாம் படுக்கைக்கு ஏ வகை. ஒன்பதாம் படுக்கையின் பையை நான்காம் படுக்கைத் தட்டில் வைத்தேன். மற்றதை வார்டுக்கு வெளியே கொண்டுபோய்விட்டேன். வீணாக இன்னொருவருக்கு ஆபத்து வரக் கூடாது. பையில் ஒன்பதாம் படுக்கைக்காரரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டத் தெரிந்த யாரும் நிறுத்தியிருக்கலாம். ஒரு நர்ஸ் வந்தாள், இழுப்பறையிலிருந்து படிவத்தை உருவினாள், பையை மாட்டினாள், போய்விட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

படுத்திருந்தவர் பேருந்து ஓட்டுநர். குடல் புண்ணில் ரத்தம் இழந்தவர்.

“சார், ஃபேனைக் குறைக்கச் சொல்லுங்க. குளிருது.”

“எப்பலேர்ந்து?”

“இப்பத்தான். இடுப்ப யாரோ முறுக்குற மாதிரி இருக்கு சார். பொண்ணு கேன்டீன் போயிருக்கா, கொஞ்சம் கூப்பிடுங்களேன்.”

ஏழாவது நிமிடம் குளிர், ஒன்பதாவது நிமிடம் இடுப்புவலி என்று குறித்துக்கொண்டேன். குழாயின் திருகு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் தடுத்து நிறுத்திய தவறுக்கு இங்கே யார் கூட்டம் போடுகிறார்கள்? பதினான்காவது நிமிடம் பேச்சு நின்றது. மகள் டம்ளரோடு வந்து, “அப்பா தூங்கிட்டாரா சார்?” என்று மெதுவாகக் கேட்டாள். நர்ஸைக் கூப்பிடச் சொன்னேன். மாலைக்குள் முடிந்துவிட்டது.

மறுநாளே கூட்டம் போட்டார்கள். இழுப்பறை இப்போது காலியாக இருக்கிறது.

அந்த நர்ஸை விட்டுவிடுங்கள். அவளுக்குப் படிக்கச் சோம்பல், அவ்வளவுதான். பையை மாற்றியதும் நான்தான், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். ரத்தம் ஏறத் தொடங்கினால் முதல் கால்மணி நேரம் ஒருவர் நோயாளியை விட்டு நகரக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு. அன்று அந்த வார்டில் அதைக் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான். அதையும் என் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.