சுவருக்குள் இருக்கும் பலகை

நிகழ்ச்சியை நேரத்தோடு தொடங்கவேண்டும் என்று சொன்னது மட்டுமன்றி, சொன்ன நேரத்துக்கு முதல் ஆளாய் வந்தும் நின்ற மதிப்புக்குரிய தலைவர் சிவபாலன் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் பெரியோர்களே! ஒரு பிள்ளையை நீச்சலில் இறக்கி, மறு பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் ஏற்றி, பிளாக்டவுன் வீதிநெரிசலையும் வென்று வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே! பின்கதவில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! உள்ளே கதிரைகள் காலியாக இருக்கின்றன, வந்து அமருங்கள். உங்கள் எல்லோருக்கும் இந்திரகுமாரின் இதயம் நிறைந்த வணக்கம்.

நான் ஒரு கணிய அளவையாளன். குவான்டிட்டி சர்வேயர் என்றால் விளங்குமா? அங்கே ஓர் அங்கிள் இல்லையென்று தலையாட்டுகிறார். சொல்கிறேன் அங்கிள். கட்டடம் எழுவதற்கு முன்னரே, அதன் வரைபடத்தை வாசித்து, கல் எவ்வளவு, கம்பி எவ்வளவு, கலவை எவ்வளவு, கதவு எத்தனை என்று எடுத்து எழுதுகிறவன். அப்படி எடுத்து எழுதுவதற்குப் பெயர் டேக்-ஓஃப். என்ன கேட்டீர்கள் அன்ரி? விமானமா? இல்லை அன்ரி, இது நிலத்தைவிட்டு எழும்பாது. ஆனால் இது பிழைத்தால் கட்டடமும் நிலத்தைவிட்டு எழும்பாது!

அந்தக் கல்வியைக் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கவே இன்று கூடியிருக்கிறோம். அது வெறும் எண்களின் கல்வியா? கூட்டலும் கழித்தலும் மட்டும்தானா? மறுமொழியாக ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் தர்ஷனா. இலங்கையின் வடக்கிலிருந்து வந்து சிட்னியில் குடியேறியவர். வந்த புதிதில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தார். முதியவர்களை எழுப்புவார், நடத்துவார், குளிக்க வைப்பார். அந்த வேலையைச் செய்துகொண்டே மாலை வகுப்பில் அளவையியல் படித்தார். எளிதாகவா படித்தார்? முதல் பயிற்சியில் சுவரை அளந்தார், சுவரில் இருந்த கதவைக் கழிக்க மறந்தார். அடுத்த பயிற்சியில் கதவைக் கழித்தார், மூலைகளை இரண்டு தரம் அளந்தார். தாள் முழுக்கச் சிவப்பு மை. பின்பு தனக்கென்று ஒரு வழி கண்டார். வரைபடத்துக்குள்ளே நடக்கத் தொடங்கினார். வாசலால் நுழைவார், விளக்கைப் போடுவார், குசினிக்குப் போவார், குழாயைத் திறப்பார். கால் எங்கே படுகிறது? கை எதைத் தொடுகிறது? தொட்டதையெல்லாம் எழுதினார். எழுதியதையெல்லாம் அளந்தார். தேறினார்!

கௌரிசங்கர் என்பவர் நடத்தும் சிறிய கட்டட நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கௌரிசங்கர் திருச்சிக்காரர், நல்ல மனிதர். அந்த வருடம் லிட்கம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் கட்ட டெண்டர் கோரினார்கள். அவருடைய நிறுவனத்துக்கு அது பெரிய வேலை. கிடைத்தால் வளரலாம். கிடைக்காவிட்டால் ஆட்களைக் குறைக்க வேண்டி வரலாம். குளியலறைகளை அளக்கும் பொறுப்பு தர்ஷனாவுக்கு வந்தது.

அளந்துகொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். வரைபடத்தில் கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் பிடிகம்பி இருந்தது. முதியவர்கள் எழும்பும்போது பிடிக்கிற கம்பி. ஆனால் சுவரோ கல்லில்லை, உள்ளே வெறுமையான மெல்லிய பிளாஸ்டர்போர்ட் தகடு. அதற்குள்ளே கம்பியைத் தாங்கப் பலகை எதுவும் வரையப்படவில்லை.

"சங்கர் அண்ணா, இந்தக் கம்பிய எதில பூட்டப் போறம்? பின்னால பலகையக் காணேல்லயே?"

கௌரிசங்கர் பார்த்தார். "டிராயிங்ல இல்லைல்ல? அப்ப நம்ம கணக்குலயும் வேண்டாம். வேலை கிடைச்சப்புறம் அவங்களே கேப்பாங்க. அப்ப தனியா காசு கேட்டு சேத்துக்கலாம். அதை நம்பி இப்ப விலையக் குறைச்சுப் போடலாம்."

"ஒருத்தருக்கும் ஞாபகம் வராட்டி? சுவரை மூடினாப் பிறகு உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? இப்பவே கேள்வி அனுப்புவம் அண்ணா."

"அனுப்பினா பதில் நமக்கு மட்டுமா வரும்? டெண்டர் போடுற எல்லாருக்கும் போகும். போட்டிக்காரனுக்கு நாமளே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடும். இந்த வேலை நமக்கு வேணும் தர்ஷனா."

"எனக்கும் வேணும் அண்ணா. வேலை குறைஞ்சா முதல்ல வீட்டுக்குப் போறது புதுசா வந்த நான்தான். ஆனா நான் அந்த ஆக்களக் குளிக்க வாத்தனான். அவை கம்பிய அழகுக்குப் பிடிக்கிறேல்ல. முழுப் பாரத்தையும் அதிலதான் போடுவினம். சுவர் பிய்ஞ்சு வந்தா, கம்பியும் கையுமா விழுவினம்."

கௌரிசங்கர் எழுந்து போய்த் தேநீர் போட்டார். தர்ஷனாவுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார். பிறகு சொன்னார்: "அனுப்புங்க."

சபையோரே! அந்தக் கேள்வி போனது. பதில் வந்தது. சுவருக்குள் பலகை வைக்க வேண்டும் என்று திருத்திய வரைபடம் எல்லா நிறுவனங்களுக்கும் போனது. கேட்டவர் யார் என்று அதில் இல்லை. எல்லோரும் பலகையைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். போட்டி நடந்தது. முடிவு வந்தது. தர்ஷனாவின் நிறுவனம் வென்றதா?

இல்லை. தோற்றது!

வென்றது யார் தெரியுமா? எங்கள் நிறுவனம். உங்கள் முன்னால் நிற்கும் நான் அளந்து கொடுத்த கணக்கு!

வாழ்த்துச் சொல்லக் கௌரிசங்கர் தொலைபேசியில் அழைத்தார். பேச்சை முடிக்கும்போது சொன்னார்: "சார், அந்தப் பலகைக் கேள்வி இருக்குல்ல, அது எங்க தர்ஷனா கேட்டது. கம்பிய நல்லா மாட்டுங்க சார்." எத்தனையோ வாழ்த்துக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. தோற்றவர், வென்றவனிடம் வேறெதுவும் கேட்கவில்லை. நல்லா மாட்டுங்கள் என்று மட்டும் கேட்டார்!

அவர்கள் என்ன ஆனார்கள் என்கிறீர்களா? கார் நிறுத்தும் கராஜ் கட்டினார்கள், வீட்டுக்குப் பின்னால் அறை கட்டினார்கள், தாக்குப் பிடித்தார்கள். தர்ஷனாவைக் கௌரிசங்கர் வேலையைவிட்டு அனுப்பவில்லை. இனிமேல் எந்த டெண்டரும் தர்ஷனா பார்க்காமல் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

கட்டடம் முடிந்ததும் தர்ஷனாவை நான் அழைத்தேன். வந்தார். வரவேற்பறையின் பளிங்கை அவர் பார்க்கவில்லை, பூந்தோட்டத்தையும் பார்க்கவில்லை. நேரே ஒரு குளியலறைக்குள் போனார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். முழங்காலை மடக்கினார். தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கினார்! நான் பதறிப்போனேன். அவர் எழும்பிச் சிரித்தார்.

"அசையேல்ல அண்ணா."

"உங்களுக்குக் கவலையில்லையா? இது உங்கட நிறுவனம் கட்டியிருக்க வேண்டிய கட்டடமல்லோ?"

"கவலைதான். எண்டாலும் கம்பி நிக்குதே!"

அன்புக்குரியவர்களே! அளக்கத் தெரிந்தவர் ஆயிரம் பேர் உண்டு. கணினி கண் மூடித் திறப்பதற்குள் அளந்துவிடும். ஆனால் வரையாததைக் கண்டவர் யார்? கண்டதைக் கேட்டவர் யார்? கேட்டால் தனக்கே இழப்பு என்று தெரிந்தும் கேட்டவர் யார்? அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுக்காத கல்வி என்ன கல்வி? சீமெந்தை அளக்கலாம், செங்கல்லை அளக்கலாம். அவற்றுக்குள்ளே வாழப்போகிற மனிதரை நினையாமல் அளந்தால், அது அளவாகுமா? ஆகாது, ஆகவே ஆகாது!

இளைஞர்களே, வாருங்கள். கணக்குக் கஷ்டம் என்று அஞ்சாதீர்கள். தாய்மார்களே, பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்காதீர்கள், நீங்களும் வாருங்கள். இந்தத் தேசத்தின் கட்டடங்கள் எப்படி எழவேண்டும் என்று சொல்லும் இடத்தில் நம்மவரும் இருக்கவேண்டும். இருப்போம்!

வரும் சனிக்கிழமை தொடங்கும் வகுப்பை நடத்தப்போகும் ஆசிரியர் இந்த மேடையிலேயே, கடைசிக் கதிரையில் இருக்கிறார். தர்ஷனா, ஒருதரம் எழும்புங்கள். வேண்டாம் என்று கைகாட்டுகிறார். நான் விடப்போவதில்லை. எழும்புங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கைதட்டலை எனக்குத் தராதீர்கள், அவருக்குத் தாருங்கள். வணக்கம்!