மாமாவுக்கு ஒரு வேலை

எனக்கு அழுக்கு மெஷின் என்றாலே ஆகாது, ஐயா. தகர மூடி அடிக்கும் என் பிரஸ்ஸைத் தொட்டுப் பாருங்கள், விரலில் கறை ஒட்டாது.

முன்பெல்லாம் நாங்கள் மெஷினை ஓட்டுவதோடு சரி. எண்ணெய் விடவும் நட்டு முறுக்கவும் ஃபிட்டர்கள் வருவார்கள். பிறகு மேனேஜர் எங்கள் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, "உங்க மெஷின், இனிமே நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். எனக்குப் பிடித்திருந்தது. எல்லோருமே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டோம். பழுதே வரவில்லை. ஃபிட்டர்கள் ஈ ஓட்டினார்கள். ஒருவரை வீட்டுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் என் அக்காவின் கணவர்.

மாமா நல்ல மனிதர். சும்மா உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. "அவர் முகத்தப் பாக்க முடியலடா. நீதான் ஏதாவது பண்ணணும்" என்றாள் அக்கா.

பண்ணினேன். முதலில் ஒரு நட்டைத் தளர்த்தினேன். மாமா பையோடு ஓடி வந்தார். "நான் இல்லாட்டி உங்க பொழப்பு சிரிப்பா சிரிச்சிடும் மாப்ள" என்றார். அவர் அப்படிப் பேசி வெகுநாளாகியிருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் கூட வேலை செய்பவர்களும் தேறிவிட்டார்கள். சின்னப் பழுது என்றால், ஃபிட்டரைக் கூப்பிடாமல் அவர்களே வந்து சரிசெய்துவிட்டுப் போனார்கள். அவர்களால் முடியாத பழுதாக வேண்டியிருந்தது. அதனால் பிரேக்கில் கைவைத்தேன். மூடியை அடிக்க இறங்கும் கனத்த அச்சை மேலே பிடித்து நிறுத்துவது அதுதான்.

அச்சுக்கு அடியில் குனியும் முன் ஒரு கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். வேறெந்த மெஷினிலும் மாமா அதை மறந்ததில்லை.

"கட்டை வைக்கலியா?" என்று பக்கத்து மெஷின்காரர் கேட்டார்.

"இது என் மாப்ள மெஷினுங்க. கைக்குழந்தை மாதிரி பாத்துக்கிறான்" என்று சொல்லி மாமா தலையை உள்ளே விட்டார்.

பிரேக் பிடிக்காது என்று நான் சொல்லியிருக்கலாம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். தெரிந்தால் மனம் நொந்துபோவார். அதனால் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடிப்பதற்குள் அச்சு இறங்கிவிட்டது.

பிறகு மெஷினை நான்தான் துடைத்தேன். வேறு யாரும் கிட்டே வரவில்லை. அழுகையும் வரவில்லை, ஐயா. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

அக்கா என் முகத்தில் விழிப்பதில்லை. கோபம் ஆறட்டும். அவள் கேட்டதைத்தானே செய்தேன். கடைசிவரை மாமாவை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை.