முந்நூற்று ஓராவது அழைப்பு

ஒரே வேலையைக் கையால் இரண்டாம் தடவை செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. கம்ப்யூட்டர் வேலைக்கு நான் வந்ததே அந்தச் சோம்பலால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த ஒன்பது வரி, அதுவும் அப்படிப் பிறந்ததுதான்.

விளக்கிவிடுகிறேன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயந்திரத்திடம் வேலை வாங்குவோம். அதற்கு ஷெல் என்று பெயர். ஒரு கட்டளை தோற்றால் திரும்பவும் தட்ட வேண்டும். தட்டித் தட்டி அலுத்துப்போய், ஒன்பது வரியில் ஒரு சின்ன ஃபங்ஷன், அதாவது கட்டளைக் கோவை, எழுதி ‘மறுபடி’ என்று பெயர் வைத்தேன். எந்தக் கட்டளையை அதன் கையில் கொடுத்தாலும் பலிக்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்டும். எத்தனை தடவை என்று ஓர் எண்ணும் கொடுக்கலாம். அத்தனை தடவையும் பலிக்கவில்லை என்றால் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பூஜ்யம் கொடுத்தால் எல்லையே இல்லை. விடாது.

எங்கள் ஊராட்சியில் தனியாக வாழும் வயதானவர்கள் நூற்றுப் பதினான்கு பேர். தினமும் காலை எட்டு மணிக்கு இயந்திரம் அவர்களுக்குப் போன் போடும். “காலை வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நலம் என்றால் ஒன்றை அழுத்துங்கள்” என்று ஒரு குரல் கேட்கும். என் குரல்தான். வெளியிலிருந்து ஆள் வைத்துப் பதிவு செய்ய யாருக்கும் மனசில்லை. “உன் குரல் ஆறிப்போன உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு ஆய்லா, ஆனா தெளிவா இருக்கு” என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் மின்னா சொன்னாள். நடுங்கும் விரல்கள் தப்பான எண்ணை அழுத்துகின்றன என்பதால், போனை எடுத்தாலே நலம் என்று பிற்பாடு மாற்றினேன். எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடம் கழித்து ‘மறுபடி’. மூன்று தடவை. அப்புறம் ‘முடியவில்லை’ என்று மின்னாவுக்குச் செய்தி போகும். அவள் காரை எடுப்பாள். ஆக, இயந்திரம் கைவிட்டால்தான் மனிதர் வருவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா கெர்த்து போன இலையுதிர் காலத்தில், இடுப்பு அறுவை முடிந்து, அந்தப் பட்டியலில் சேர்ந்தாள். எழுபத்தொரு வயது. ஏரிக்கரையில் தனி வீடு. எடுப்பதே இல்லை. மின்னா இருபத்திரண்டு கிலோமீட்டர் பனியில் ஓட்டிக்கொண்டு போய் நிற்பாள்.

“இன்னிக்கும் தலையில முடி சுருட்டுற சுருள் மாட்டிக்கிட்டு வந்து கதவைத் திறக்கிறா ஆய்லா. ‘என்னடி, நான் செத்துட்டேனான்னு பார்க்க வந்தியா? உள்ள வா, காப்பி இருக்கு’ன்னு சிரிக்கிறா. உன் அக்கா, நீயே ஒரு வழி பண்ணு.”

நான் கெர்த்துவைக் கூப்பிட்டேன். என் சொந்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் அதிசயமாக எடுத்தாள்.

“ஏன் கெர்த்து எடுக்க மாட்டேங்குற?”

“காலங்காத்தால உன் குரலைக் கேட்டா எனக்கு காப்பி இறங்க மாட்டேங்குதுடி. அடிக்கட்டும். அடிச்சு ஓயட்டும்.”

அடித்து ஓயட்டும் என்றாள். அந்தச் சொல்லை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது “கெர்த்து எங்கே” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நடைக்கூடத்தில் காசு போடும் போன். பதினொரு தடவை கூப்பிட்டேன். எட்டாவது அழைப்புக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் அம்மா போய்விட்டாள். எனக்கு அது பதினொன்றாவதுக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்காவை அழைத்துக்கொண்டிருந்ததால் நானும் பக்கத்தில் இல்லை. பின்னால் கேட்டபோது கெர்த்து சொன்னாள்: “சனிக்கிழமை சாயங்காலம்டி. சவுனாவுல ஆவி பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மணி கேட்டுது, அடிச்சு ஓயட்டும்னு விட்டுட்டேன். எனக்கென்ன ஜோசியமா தெரியும்?” அவ்வளவுதான். அதன் பிறகு இருபத்தொன்பது கிறிஸ்துமஸ் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

பிப்ரவரியில் கெர்த்துவின் வரியில் மூன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். மின்னாவின் பெட்ரோல் மிச்சம், அக்காவும் ஒருநாள் அலுத்துப்போய் எடுப்பாள் என்று நினைத்தேன். நினைத்தது பலித்தது. இரண்டாம் வாரத்திலிருந்து இருபதாவது, முப்பதாவது அழைப்பில் எடுத்து, “சனியனே, உயிரோடதான் இருக்கேன்” என்று என் பதிவுக் குரலைத் திட்டிவிட்டு வைத்துவிடுவாள். மின்னா எனக்கு இலவங்கப்பட்டை பன் வாங்கித் தந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கிய அழைப்பு மதியம்வரை எடுக்கப்படவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். அன்று அப்படி நினைத்தது உண்மை. புதன்கிழமை காலையில் எண்ணிக்கை நூற்று நாற்பத்தைந்து. அப்போது அப்படி நினைக்கவில்லை.

புதன் நாலு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, காரில் போனேன். இதை இதுவரை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. படிகளில் இரண்டு நாள் பனி, ஒரு காலடிகூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. உள்ளே போன் அடித்தது. எட்டுத் தடவை மணி அடித்து நின்றது. மாற்றுச் சாவி விறகுக் கொட்டகை ஆணியில் தொங்கும், எனக்குத் தெரியும். அடுத்த பத்து நிமிடம் முற்றத்தில் நின்றேன். மறுபடி அடித்தது. இப்போது அவளுக்குக் கேட்கும் என்று தோன்றியது. சனிக்கிழமை சவுனாவில் கேட்ட மாதிரி இல்லாமல், சரியாகக் கேட்கும். பிறகு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி, முந்நூற்று ஓராவது அழைப்பு. திரையில் பச்சை அடையாளம் விழுந்தது. எடுக்கப்பட்டது. பலித்துவிட்டதால் ‘மறுபடி’ நின்றது. அதன் வேலை அதுதானே.

எப்படி எடுத்தாள் என்பதை உங்கள் ஆட்கள்தான் சொன்னார்கள். தரையில் கிடந்தபடி சார்ஜர் கம்பியை இழுத்திருக்கிறாள். மடக்குப் போன் மேசையிலிருந்து விழுந்து, தானாகத் திறந்து, அழைப்பை எடுத்து, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. கம்பியும் பிடுங்கிக்கொண்டது. கை எட்டவில்லை.

எடுத்த அழைப்பின் முதல் முப்பது விநாடியை எங்கள் இயந்திரம் பதிவு செய்யும். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு நான் அதைக் கேட்டேன்.

என் குரல் காலை வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கிறது. தூரத்திலிருந்து அவள் குரல்.

“ஆய்லா? ஆய்லா, நீயாடி? நான் விழுந்துட்டேன். திங்கட்கிழமையே விழுந்துட்டேன்டி.”

நலம் என்றால் ஒன்றை அழுத்துங்கள் என்கிறது என் குரல்.

“கேலி பண்ணாதடி. எட்டலை. தண்ணி... ஆய்லா, நான் உன்கிட்ட ஒண்ணு...”

நன்றி, இந்த நாள் இனிதாகட்டும் என்கிறது என் குரல். முப்பது விநாடி முடிந்துவிடுகிறது.

அப்போது அவள் உயிரோடு இருந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், இரவுவரை இருந்திருக்கிறாள் என்று. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்த்தேன். பதினொன்றரைக்கு மின்னா வந்து, “வியாழக்கிழமைன்னா கேன்டீன்ல பட்டாணி சூப்தானே, ஆறிடும், வா. உன் அக்கா எப்படி இருக்கா?” என்றாள்.

“எடுத்துட்டா” என்றேன்.

“பார்த்தியா, நான் சொல்லலை?”

பான்கேக்கும் ஜாமும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அக்காவைக் கண்டெடுத்ததும் மின்னாதான், வெள்ளிக்கிழமை மதியம், அந்தப் பக்கம் வேறு ஒருவரைப் பார்க்கப் போனபோது.

ஆமாம், தெரிந்தே செய்தேன். எந்த வார்த்தை வேண்டுமோ அதைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். ஊரில் மற்ற நூற்றுப் பதிமூன்று பேரையும் என் ஃபங்ஷன் மூன்று தடவையில் கைவிட்டது. என் அக்காவை மட்டும் அது கைவிடவே இல்லை.

அந்த முப்பது விநாடியை வீட்டில் ‘மறுபடி’யில் போட்டிருந்தேன், எண் பூஜ்யம். நீங்கள் வந்து கதவைத் தட்டியபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உங்களுடைய இளைய அதிகாரி அதை நிறுத்தத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியிருக்க வேண்டாம். இப்போதும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எனக்கு அது கேட்கத்தான் செய்கிறது.

“உன்கிட்ட ஒண்ணு” என்றாளே, அது என்னவென்று எனக்குத் தெரியும். முப்பத்தோராவது விநாடியில் அவள் மன்னிப்புக் கேட்டாள். இத்தனை வருஷம் கழித்து எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.